கணினியில் இணையம் நின்றுவிட்டதா?

பிள்ளையின் மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு நாளையோடு கெடு முடிகிறது. நேற்று மழைக்கு முன்புவரை ஓடிய கணினியில் இன்று இணையம் இல்லை. உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடவேண்டுமா? வேண்டாம். குழாயில் தண்ணீர் நின்றால் எங்கே அடைப்பு என்று வழியோடு பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அப்படித்தான்.

முதலில் கைத்தொலைபேசியில் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் பாருங்கள். அதிலும் வராவிட்டால் கணினிமேல் பழியில்லை. மோடத்தையும் ரூட்டரையும் நிறுத்தி, அரை நிமிடம் கழித்து விசையைத் தட்டி, ஐந்து நிமிடம் பொறுங்கள். ஒளியிழை மோடத்தில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இணைய நிறுவனத்துக்குத்தான் சொல்லவேண்டும்.

தொலைபேசியில் வந்து, கணினியில் மட்டும் வராவிட்டால், அதன் பின்புறக் கம்பியைப் பாருங்கள். முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால், கூட்டும்போது துடைப்பம் பட்டாலே நழுவிவிடும். ‘டிக்’கென்று கேட்கும்வரை அழுத்துங்கள். துளையோரம் விளக்கு எரியாவிட்டால் வேறு கம்பி மாற்றுங்கள். அப்போதும் எரியாவிட்டால் மின்னலில் அந்தத் துளையே கருகியிருக்கலாம். யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும், புதுக் கணினி வேண்டாம்.

விளக்கு எரிந்தும் வரவில்லையா? நெட்வொர்க் அமைப்பில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை. இரண்டையும் நிறுத்தித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும்.

எதுவும் பலிக்காவிட்டால், தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் டேட்டாவில் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பழுது காத்திருக்கும், கெடு காத்திருக்காது. இனி, இடி நெருங்குமுன்பே கம்பிகளைக் கழற்றிவைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.