புதுக்கடை வாசலில் நின்றுவிடும் சர்வதேசச் சட்டம்

வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களின் விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்க, கண்டி வாசகர்களின் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: சர்வதேசச் சட்டத்தில் முதுமாணிப் பட்டம் பெற்று வந்தால், அதை வைத்து இங்கே வழக்காட முடியுமா?

முடியும், பாராளுமன்றம் இடம்விட்ட அளவுக்கு.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையில் இலங்கை இணைந்தது 1980இல். 1997இல் அதன் விருப்ப நெறிமுறையிலும் சேர்ந்தது. உள்நாட்டில் நீதி கிடைக்காதவர் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட அதுவே வழி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டுமே கொண்டு 35 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்ட சிங்கராசா அங்கு போனார். வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்றது நியாயமல்ல என 2004இல் குழு சொன்னது. அந்த முடிவோடு அவர் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றம் வந்தார். 2006 செப்டெம்பர் 15இல் மனு தள்ளுபடியானது. நெறிமுறையில் சேர ஜனாதிபதிக்கு அரசியலமைப்பில் அதிகாரம் இல்லை என்றது தீர்ப்பு. ஐ.நா. பதிவேட்டில் இலங்கை இன்றும் அந்த நெறிமுறையின் உறுப்பு நாடு. நாட்டுக்குள் அதற்கு வலுவில்லை.

பொருத்தனைக்கு உள்நாட்டில் வலுத் தர, அடுத்த ஆண்டே 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் மூலம் பொருத்தனை முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்ற அரச தரப்பு வாதத்தை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கவில்லை, 2010இல் அதன் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை பறிபோனது, 2017இல்தான் திரும்பியது. அச்சட்டம் பொருத்தனையின் சில உரிமைகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. உயிர்வாழும் உரிமை அதில் இல்லை. வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 3ஆம் பிரிவு இருக்கிறது; சட்டம் வந்தபோது, அதில் கைதானவருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம் என்றிருந்தது.

அந்தப் பிரிவு கண்டிக்கும் வந்தது. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ளுங்கள் என முகநூலில் எழுதிய, கட்டுகஸ்தோட்டையின் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் 2020 ஏப்ரலில் கைதானார். ஐந்து மாதம் கழித்தே பிணை. அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபாய் நட்டஈடு வழங்கச் சொன்னது. குடிமகனைக் காக்க எழுதப்பட்ட பொருத்தனையின் பெயரால் ஒரு குடிமகன் மறியலில் இருந்தது மன்னிக்க முடியாதது.

வழி முழுதும் அடைபடவில்லை. எப்பாவல பொஸ்பேற்று வழக்கில், 2000இல், ஸ்டொக்ஹோம், ரியோ சுற்றாடல் பிரகடனங்களின் கோட்பாடுகளை உயர் நீதிமன்றமே எடுத்தாண்டது. ஆய்வுத் தலைப்புத் தேடுபவர்கள் அந்தத் தீர்ப்பையும் சிங்கராசா தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும்.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

முதுமாணி முடித்தால் சட்டத்தரணியா? இல்லை; சட்டக் கல்லூரிப் பரீட்சையும் பயிற்சியும் உயர் நீதிமன்றச் சத்தியப்பிரமாணமும் தனி.

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு அனுபவம் வேண்டுமா? 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும்.

படித்து முடித்து அங்கேயே தங்கலாமா? செவனிங்கில் முடியாது, நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும்.

ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வேலைக்கு ஆங்கிலம் போதுமா? அங்கு பிரெஞ்சும் உத்தியோக மொழி, இப்போதே தொடங்குங்கள்.