வாங்கும் உதிரிகளும் உழைப்பின் மதிப்பும்

சக்குபள்ளம், அணக்கரைப் பகுதி ஏலத்தோட்டங்களுக்குக் கோடையில் நீரேற்றும் பம்புகளில் பல, கோயம்புத்தூரிலிருந்து வருபவை. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-இல் மின்மோட்டார் உருவாக்கிய நகரம் அது. அங்கு ஒரு பம்பு முழுவதும் ஒரே கூரையின்கீழ் உருவாவது அரிது. வார்ப்பு ஓர் ஆலையில், கடைசல் வேறொரு பட்டறையில், முலாம் பூசுதல் இன்னோர் இடத்தில் நடைபெறும். ஆகவே, உதிரிபாகங்களை நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா என்பது சிறுதொழில் முனைவோரின் அன்றாடக் கேள்வியாகும்.

விற்பனை வேறு, கூட்டிய மதிப்பு வேறு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். பத்துத் தொழிலாளர்கள் உள்ள ஒரு பட்டறையின் ஆண்டு விற்பனை ரூ.1.20 கோடி; வாங்கிய பொருள்களின் மதிப்பு ரூ.80 இலட்சம். எஞ்சும் ரூ.40 இலட்சமே அப்பட்டறை கூட்டிய மதிப்பு. அதாவது, ஆள் ஒருவருக்கு ரூ.4 இலட்சம்.

மறு ஆண்டு, கடைந்து முடித்த உதிரிகளையே வாங்கிப் பொருத்தி விற்கின்றனர். விற்பனை ரூ.1.80 கோடியாகவும், கொள்முதல் ரூ.1.46 கோடியாகவும் உயர்கின்றன. ஆள் ஒருவருக்கான விற்பனை ரூ.12 இலட்சத்திலிருந்து ரூ.18 இலட்சமாகிறது. ஆனால், கூட்டிய மதிப்போ ரூ.3.40 இலட்சமாகக் குறைகிறது. கூலியும் வட்டியும் இலாபமும் இதிலிருந்துதான் வரவேண்டும்.

கடன் தேவையும் இதனோடு வளர்கிறது. ரூ.5 கோடி வரையிலான நடைமுறை மூலதன வரம்புக்கு, நாயக் குழுவின் முறைப்படி, எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 20 விழுக்காடு கணக்கிடப்படுகிறது. மேற்கண்ட பட்டறைக்கு அது ரூ.24 இலட்சத்திலிருந்து ரூ.36 இலட்சமாகும். கூட்டிய மதிப்பு குறைந்திருக்க, வட்டிச்சுமை மட்டும் ஏறும்.

மலிவான வார்ப்பின் விலை

வாங்கும் பொருளின் தரமும் உழைப்பைப் பாதிக்கும். வார்ப்பினுள் மறைந்திருக்கும் காற்றுத் துளை, பெரும்பாலும் கடைசல் முடியும் தறுவாயில்தான் வெளிப்படும். ஒரு ஷிப்டில் 40 உதிரி கடையும் தொழிலாளியின் கையில் நான்கு கழிந்தால், அவரது உழைப்பில் பத்தில் ஒரு பங்கு வீண். வார்ப்பாலை மாற்று வார்ப்பு தரலாம். கடைசலுக்குச் செலவான நேரத்தைத் திருப்பித் தருவதில்லை. கடினப் புள்ளிகள் வெட்டுளியையும் முறிக்கும்.

எப்போது வாங்கலாம்?

வெப்பப் பதனிடுதல், முலாம் போன்றவற்றுக்குச் சொந்த எந்திரம் வைத்து, அது பாதி நாள் ஓடாதிருப்பதைவிட வெளியில் கொடுப்பதே சிக்கனம். ஆனால், அதனால் ஓய்வாகும் கைகளுக்குக் கூலி தரும் வேலை கிடைக்க வேண்டும். இல்லையேல் சம்பளமும் கொள்முதலும் இரட்டைச் செலவாகும்.

கொள்முதல் கூடும்போது கொடுபடவேண்டிய தொகையும் கூடும். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதக் கூட்டாகச் சேரும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம்.

எனவே, விற்பனை, கொள்முதல், கழிவு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் தனித்தனியே குறித்து வாருங்கள். கடன் வரம்பை உயர்த்தக் கோரி வரும்போது அக்குறிப்பையும் உடன் கொண்டு வாருங்கள். உங்கள் தேவையைச் சரியாக அளக்க நமக்கு அதுவே பெரிதும் உதவும்.