கட்சி மாறிய மலைகள்!

முதலில் உடை அறைக்குள் எட்டிப் பார்த்துவிடுவோம். கேமரா காட்டாத சுவாரஸ்யமெல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் முன்வரிசையில் முட்டி நிற்கும் ஒரு லைன்மேன் டிஃபென்ஸிலிருந்து (தடுக்கும் பக்கம்) ஆஃபென்ஸுக்கு (பந்தோடு முன்னேறும் பக்கம்) மாறுகிறார் என்று வையுங்கள். 130, 140 கிலோ எடையுள்ள ஆள். “இனிமேல் நீ அந்தப் பக்கம்” என்று கோச் சொல்லி முடித்ததும் முதலில் பறிபோவது என்ன தெரியுமா? சட்டை எண்!

டிஃபென்ஸ்காரர் எந்த எண்ணையும் மாட்டிக்கொள்ளலாம். பெரிய உடம்புக்காரர்கள் 90களில் ஒன்றைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஆஃபென்ஸ் வரிசையிலோ குறைந்தது ஐந்து பேர் 50க்கும் 79க்கும் இடைப்பட்ட எண்ணோடுதான் நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆசையாக வைத்திருந்த 97ஐக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு 67க்கோ 76க்கோ சம்மதிக்க வேண்டியதுதான்.

எண் போனால் போகட்டும், அடுத்தது வருகிறது பாருங்கள்: இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். தோள் கவசத்தின் மேல் அதைப் பட்டை பட்டையாக ஒட்டி, அதன்மேல் சட்டையை இழுத்து அழுத்திவிடுகிறார்கள். துணி கவசத்தோடு கவசமாக ஒட்டிக்கொள்ளும். எதிராளி கொத்தாகப் பிடித்து இழுக்க ஒரு மடிப்புகூடச் சிக்காது! பிறகு இரண்டு முழங்காலிலும் பட்டையும் கீலுமாக ஒரு காப்பு. பல கல்லூரிகளில் ஆஃபென்ஸ் வரிசைக்கு இது கட்டாயம். நேற்றுவரை காப்பில்லாத கால்களோடு பாய்ந்துகொண்டிருந்தவருக்கு இதை மாட்டிக்கொண்டு நடந்து பழகுவதே ஒரு தனிப் பயிற்சி. மைதானத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே இத்தனை ஆகிவிட்டது!

விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்கு ஒரு வரியில் சொன்னால், கபடியில் ரெய்டு போய்ப் புள்ளி அள்ளியே பேர் வாங்கியவரைக் கூப்பிட்டு, இனி ரெய்டே கிடையாது, கோட்டுக்குள் நின்று வருகிறவனை மறித்தால் போதும் என்பது போன்ற மாற்றம் இது. டிஃபென்ஸ் வரிசையின் வேலை, பந்தை எறிந்தோ கைமாற்றியோ ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் தேடிப் பாய்ந்து சாய்ப்பது. சாய்த்தால் ‘சாக்’ என்று கணக்கில் ஏறும், அரங்கம் அலறும், பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஆஃபென்ஸ் வரிசையின் ஐந்து பேரும் (நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள்) அதே பாய்ச்சலைத் தடுக்க நிற்பவர்கள். அவர்களுக்குப் புள்ளியும் கிடையாது, பொதுவாக அவர்கள் பெயர் அரங்கில் ஒலிப்பது தவறு செய்தால் மட்டும்தான்.

அப்படியிருக்க, இந்த மாற்றம் பதவி இறக்கமா? இல்லவே இல்லை என்பதற்கு என் கையில் ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி!

இடம் கொலம்பஸ் நகரம். தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயர், ஆஃபென்ஸ் வரிசைக்குப் பொறுப்பு எட் வாரினர். முந்தைய ஆண்டு ஆஃபென்ஸ் வரிசையில் நின்ற ஐவரில் நான்கு பேர் போய்விட்டார்கள். மிச்சம் டெய்லர் டெக்கர் ஒருவர்தான். காலியான நான்கு இடங்களில் இரண்டை நிரப்பியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? இருவருமே டிஃபென்ஸிலிருந்து தாவியவர்கள்! இடது கார்டாக பில்லி பிரைஸ். ஆஸ்டின்டவுன் என்ற ஊரிலிருந்து டிஃபென்ஸுக்கென்று தேர்ந்தெடுத்துக் கூட்டி வரப்பட்டு, வந்த கொஞ்ச நாளிலேயே மறுபக்கம் அனுப்பப்பட்ட இளைஞர். வலது டேக்கிளாக டாரில் பால்ட்வின். டிஃபென்ஸ் வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டாக இருந்து மாறி, ஐந்தாம் ஆண்டில்தான் முதன்முதலாக நிரந்தர இடம் பிடித்தவர். அந்த ஐந்தாம் ஆண்டை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. அத்தனை காலம் ஒருவர் பொறுமையாகக் காத்திருந்தார் என்பதற்காகவே அவரை எழுந்து நின்று வாழ்த்தலாம்.

இவர்கள் பயிற்சியில் யாரை எதிர்த்து முட்டினார்கள் என்று பாருங்கள். டிஃபென்ஸ் வரிசையில் ஜோயி போசா, மைக்கேல் பென்னட், அடால்ஃபஸ் வாஷிங்டன். போசா அந்தப் பருவத்தில் 13.5 சாக் எடுத்த சூறாவளி. கல்லூரி அணிகளில் டிஃபென்ஸ் வரிசைக்கு ஓர் அறை, ஆஃபென்ஸ் வரிசைக்கு ஓர் அறை என்று தனித்தனியாகக் கூட்டம் நடக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போனால் நாற்காலி மாறும், நோட்டு மாறும், கேலி பேசும் கூட்டம் மாறும். நேற்றுவரை தோளோடு தோள் நின்றவன் இன்று நெஞ்சுக்கு நேரே!

சரி, புல்தரைக்கு வருவோம். என்னைக் கேட்டால் கொண்டாட்டமே இங்கேதான். மாறி வந்தவருக்கு முதலில் கற்றுத்தருவது பின்னால் போவது. ஆமாம், பின்னால்! சின்ன வயதிலிருந்து முன்னால் பாய்ந்தே பழகிய உடம்பை வைத்துக்கொண்டு, எதிராளியைப் பார்த்தபடியே பின்வாங்க வேண்டும். இதற்கு ‘கிக் ஸ்லைடு’ என்று பெயர். வெளிப்பக்கக் கால் பின்னோக்கி உதைத்து இடம் பிடிக்கும், உட்பக்கக் கால் தரையை விட்டு அதிகம் எழாமல் வழுக்கி வந்து சேரும். இரண்டு காலும் ஒன்றையொன்று தாண்டவே கூடாது. தாண்டின கணம் பார்த்து எதிராளி ஒரு தட்டுத் தட்டினால் 140 கிலோவும் தரையில்! பிட்டம் தாழ்ந்து, முதுகு நிமிர்ந்து, முழங்கை விலாவோடு ஒட்டி, கட்டை விரல் மேல்நோக்கி இருக்க, எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் இரண்டு உள்ளங்கையையும் அவன் நெஞ்சில் குத்தி ஊன்ற வேண்டும். முன்கூட்டிக் குத்தினால் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். தாமதித்தால் உங்கள் நெஞ்சில் அவன் கை இருக்கும்.

நிமிர்ந்துவிடும் பழக்கத்தை ஒழிக்க ஓர் இரும்புக் கூண்டு வைத்திருக்கிறார்கள். இடுப்புக்குச் சற்று மேலே கூரை. அதற்குக் கீழே குனிந்து நின்று, குனிந்தபடியே பாய்ந்து வெளியேற வேண்டும். தலை தூக்கினால் ஹெல்மெட் கம்பியில் ‘டங்’. அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் நிற்கிறவர்கள் போடுகிற கூச்சல் இருக்கிறதே, அதற்காகவே ஒருநாள் முழுக்க வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

மாறி வந்தவர்களின் முதல் மாதத் தவறுகளை இரண்டே பெயரில் அடக்கிவிடலாம். ஒன்று, ஃபால்ஸ் ஸ்டார்ட். டிஃபென்ஸ்காரர் பந்து அசைந்தால் பாய்வார். கண்தான் அவருக்கு எல்லாம். ஆஃபென்ஸ்காரருக்கு எந்தக் குரலில் பந்து வரும் என்று முன்பே தெரியும். ஆனால் அதுவரை சிலையாக இருந்தாக வேண்டும். எதிரே ஒருவன் வேண்டுமென்றே தோளைக் குலுக்க, பழைய ரத்தம் துள்ளிவிடும். 5 கெஜம் பின்னே! இன்னொன்று ஹோல்டிங். டிஃபென்ஸில் பிடித்துத் தள்ளி இழுத்து வழி உண்டாக்குவதுதான் கலை. இங்கே கை எதிராளியின் உடம்புக் கட்டுக்கு வெளியே போய்ப் பற்றினால் 10 கெஜம் பறிபோகும்.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஈடாக, மாறி வந்தவர் ஒரு பொக்கிஷத்தையும் கையோடு கொண்டுவருகிறார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன்! ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்கும் ஆஃபென்ஸ் லைன்மேனின் விரல்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். உடம்புப் பாரத்தை முன்னால் போட்டிருந்தால் விரல் நுனியும் கணுக்களும் வெளுத்துப் போயிருக்கும். முன்னால் முட்டப் போகிறான், பந்தை ஓடித்தான் கொண்டுபோவார்கள் என்று அர்த்தம். விரல்கள் தரையைச் சும்மா தொட்டபடி இருந்தால், ஆள் பின்வாங்கத் தயாராகிறான், வரப்போவது பாஸ், அதாவது பந்தை எறியப் போகிறார்கள். தேர்ந்த டிஃபென்ஸ் லைன்மேன் இதைப் படித்துவிட்டுத்தான் பாய்கிறான். அந்தப் பாடத்தை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படித்தவன் இந்தப் பக்கம் வந்தால்? தன் விரல்களை எப்படி மறைப்பது, எப்போது பொய் சொல்ல வைப்பது என்று அவனுக்குத் தெரியும்! எதிரே நிற்பவன் கால் மடங்கும் விதத்தைப் பார்த்தே, இவன் உள்ளே சுழலப் போகிறானா வெளியே சுற்றப் போகிறானா என்று அவன் உள்மனசு சொல்லிவிடும். பின்னால் போகக் கால்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம், மாதங்கள் பிடிக்கும், அவ்வளவுதான். பாய்கிறவனின் பசியைப் பாயாதவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இன்னொரு ரகசியம். வெளியூர் அரங்கில் லட்சம் பேர் கத்தும்போது குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. அப்போது ஐந்து பேரும் எப்படி ஒரே நொடியில் கிளம்புகிறார்கள்? கார்டு குனிந்தபடியே தலையைத் திருப்பி, பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் காலைத் தூக்கி வைத்ததும் கார்டு சென்டரை ஒரு தட்டு. சென்டர் தலையை ஒருமுறை உயர்த்தி இறக்குவார். அந்தத் தலையசைப்பிலிருந்துதான் கணக்கு. இத்தனையும் பேச்சே இல்லாமல்!

2014க்குத் திரும்புவோம். அந்தப் புது வரிசைக்கு இரண்டாவது ஆட்டம் செப்டம்பர் 6, சொந்த அரங்கில், வர்ஜீனியா டெக் அணியோடு. 35-21 என்று தோற்றார்கள். குவார்ட்டர்பேக் ஜே.டி. பாரெட் 7 முறை சாய்க்கப்பட்டார். ஏழு! சென்டரையும் கார்டுகளையும் நேருக்கு நேர் மூடி, பின்னால் இருந்தும் ஆட்களை அனுப்பித் திணறடித்தது வர்ஜீனியா டெக். பருவம் முடிந்துவிட்டது என்றே பலரும் எழுதினார்கள்.

முடியவில்லை. வாரம் வாரம் அந்த ஐவரும் இறுகினார்கள். மிஷிகன் ஆட்டத்தில் பாரெட்டின் கணுக்கால் உடைய, மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸ் வந்தார். அவர் தொடக்கத்திலிருந்து ஆடிய முதல் ஆட்டமே டிசம்பர் 6, பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதி. விஸ்கான்சினை 59-0 என்று துடைத்தார்கள். ஜனவரி 1 அன்று நியூ ஆர்லியன்ஸில் அலபாமாவை 42-35. ஜனவரி 12 அன்று டெக்சாஸின் ஆர்லிங்டனில் ஆரிகனை 42-20 என்று வென்று தேசியப் பட்டம்! பந்தைத் தூக்கி ஓடிய எசிக்கியேல் எலியட் இந்த மூன்று ஆட்டங்களில் 220, 230, 246 கெஜங்கள் ஓடினார். கூட்டினால் 696. எலியட்டின் படம்தான் எல்லா அட்டையிலும் வந்தது, வர வேண்டியதும்தான். ஆனால் அந்த ஓட்டங்களை மறுபடி போட்டுப் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு 54ஆம் எண்ணையும் 76ஆம் எண்ணையும் மட்டும் பாருங்கள். பிரைஸும் பால்ட்வினும் திறந்துவிட்ட சந்துகளைப் பார்த்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவீர்கள்.

ஒஹையோ ஸ்டேட்டில் நல்ல ஆட்டத்துக்குப் பரிசாக ஹெல்மெட்டில் பக்கை மரத்தின் இலை வடிவ ஸ்டிக்கர் ஒட்டுவது 1968இலிருந்து வழக்கம். சாக் கணக்கில்லாத, டச்டவுன் கணக்கில்லாத லைன்மேனின் வெள்ளி ஹெல்மெட்டிலும் பருவம் முடிவதற்குள் இலைகள் அடர்ந்திருக்கும். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிரைஸின் கதை அங்கே முடியவுமில்லை. 2014இல் தொடங்கியவர் 2017 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 55 ஆட்டங்களில் தொடக்க வரிசையில் நின்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனை அது. கடைசி ஆண்டில் சென்டராக நகர்ந்து, நாட்டிலேயே சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதை வாங்கினார். டிஃபென்ஸுக்கென்று வந்த பிள்ளை!

ஓக்லஹோமாவின் லேன் ஜான்சன் இன்னும் ஒரு படி மேல். டெக்சாஸின் குரோவ்டன் என்ற சிற்றூர்க்காரர். பள்ளியில் குவார்ட்டர்பேக், கில்கோர் ஜூனியர் கல்லூரியிலும் குவார்ட்டர்பேக். ஓக்லஹோமா வந்து டைட் எண்ட் (வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), பிறகு 2010இல் டிஃபென்சிவ் எண்ட், 2011இல் ஆஃபென்சிவ் டேக்கிள். உடம்பு வளர வளர இடமும் மாறிக்கொண்டே வந்தது. 2013இல் தொழில்முறைத் தேர்வுக்கான சோதனையில் 303 பவுண்டு எடையோடு 40 கெஜத்தை 4.72 நொடியில் ஓடிக் காட்டினார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் நான்காவது ஆளாகத் தூக்கிக்கொண்டது. பிப்ரவரி 2018இல் தொழில்முறை லீகின் மகுடமான சூப்பர் பவுல் பட்டம், பிப்ரவரி 2025இல் இன்னொன்று. முதல் பட்டத்துக்குப் போகும் வழியில் அட்லாண்டா அணியை வென்ற இரவு, அவரும் சக வீரர் கிறிஸ் லாங்கும் நாய் முகமூடி மாட்டிக்கொண்டு மைதானத்தில் திரிந்த குதூகலம் ஃபிலடெல்ஃபியா ரசிகர்களுக்கு மறக்காது.

ஜே.ஆர். ஸ்வீசி என்றொருவர், வட கரோலினா ஸ்டேட்டின் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது டிஃபென்ஸ் வரிசையின் நடுவில் நிற்பவர். 2012 தொழில்முறைத் தேர்வில் 225ஆவது ஆளாக அவரை எடுத்த சியாட்டில் அணி, கார்டாக மாற்றி அதே ஆண்டு முதல் ஆட்டத்திலேயே இறக்கிவிட்டது. ஒன்றரை ஆண்டில் அவர் கையிலும் சூப்பர் பவுல் மோதிரம்.

கல்லூரிகளில் இந்தத் தாவல்கள் அதிகம் அரங்கேறுவது வசந்தகாலப் பயிற்சியில்தான். 15 அமர்வுகளே அனுமதி. பல கல்லூரிகளில் கடைசி அமர்வை ரசிகர்களுக்குத் திறந்துவிட்டு, அணியை இரண்டாகப் பிரித்து ஆடுவார்கள். அடுத்த ஏப்ரலில் அப்படி ஓர் ஆட்டம் திரையில் கிடைத்தால், போன வருடம் 90களில் இருந்த பெயர் எதுவும் 60களுக்கோ 70களுக்கோ இடம் பெயர்ந்திருக்கிறதா என்று அணிப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். ஆள் கிடைத்துவிட்டால் பந்து எங்கே போனால் என்ன, அவர் கால்களை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்!