குளிர்காலத்தில் புடாபெஸ்ட்: வெந்நீருக்கான பருவம்

டிசம்பரில் புடாபெஸ்ட் போனால் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். "அப்புறம் என்னத்தப் பார்க்கிறது?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வெந்நீர்க் குளம்.

ஹங்கேரிக்கு அடியில் பூமியின் மேலோடு மெலிந்திருக்கிறது. கீழே போகப் போகச் சூடு சீக்கிரம் ஏறும். பொறியாளர் வில்மோஷ் ஜிக்மோந்தி 1868இல் துளையிட ஆரம்பித்து, 1878இல் 970 மீட்டர் ஆழத்தில் 74 டிகிரி நீரை எட்டினார். அந்த நீரை நம்பி எழுந்ததுதான் 1913இல் திறந்த செச்செனி குளியல் மாளிகை.

அங்கே 38 டிகிரி குளம் ஒன்று திறந்தவெளியில் இருக்கிறது. கோடையில் அந்தச் சூடு எரிச்சல்தான், ஆவியும் கண்ணுக்குத் தெரியாது. காற்று 0 டிகிரிக்கு இறங்கும்போதுதான் ஆவி நுண்துளிகளாகி மூட்டமா நிற்கும். தலைமேல பனி, கழுத்துக்குக் கீழே கதகதப்பு.

ரெண்டு விஷயம். ரப்பர் செருப்பும் துண்டும் எடுத்துட்டுப் போங்க. உடை மாற்றும் அறையிலிருந்து குளம் வரை நடப்பதுதான் கஷ்டம். ஒரேயடியாக 20 நிமிஷத்துக்கு மேல் ஊறாதீங்க. சூட்டில் ரத்த அழுத்தம் இறங்கி, எழும்போது தலை சுற்றும். இதய நோய் இருந்தா மருத்துவரைக் கேட்டுட்டு இறங்குங்க.

வெளிச்சத்தில் ஊர், இருட்டினதும் குளம். இப்படிப் பிரித்தால் குட்டைப் பகல் நஷ்டமாகவே தெரியாது.