மூளைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு மீட்டர்

கம்பத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, சிங்கப்பூரில் இருக்கும் ஒருவரோடு 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆடும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் பொத்தானை அழுத்தியதும் அந்தச் செய்தி சுமார் 500 கிலோமீட்டர் ஓடிச் சென்னைக்குப் போகிறது. அங்கே கடலில் இறங்குகிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்க 2002-இல் போடப்பட்ட 'ஐ2ஐ' கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால், கடலைத் தாண்ட அதற்கு 16 மில்லி நொடி போதும். அந்தப் பெண்ணின் மூளையிலிருந்து 'அழுத்து' என்ற கட்டளை விரலை அசைக்கும் தசைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? கைக்குப் போகும் நரம்புகளில் செய்தி நொடிக்கு 50, 60 மீட்டர்தான் நகரும். தூரம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் சுமார் 20 மில்லி நொடி ஆகிவிடுகிறது. வங்கக்கடலைத் தாண்டுவதைவிடத் தோளைத் தாண்டி விரலுக்கு வருவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

இதை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். நரம்பில் செய்தி ஓடும் வேகம் அளக்கவே முடியாத அளவு அதிகம் என்று அறிஞர்கள் நம்பியிருந்த காலத்தில், 1850-இல், தவளைக் கால் நரம்பை வைத்து அது நொடிக்கு 30 மீட்டர் அளவில்தான் போகிறது என்று காட்டினார். நினைத்த கணத்தில் கை அசைவதில்லை, நடுவே ஒரு தாமதம் இருக்கிறது என்பது அன்றைக்குப் பலருக்கும் அதிர்ச்சி. சண்டை வீடியோ கேம்கள் முழுக்க முழுக்க அந்தத் தாமதத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

'டெக்கன்', 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' இரண்டுமே நொடிக்கு 60 படங்களைக் காட்டுகின்றன. ஒரு படம் ஒரு ஃபிரேம், அது 16.67 மில்லி நொடி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஜாதகம் உண்டு: ஓங்கியதிலிருந்து விழும்வரை எத்தனை ஃபிரேம், விழுந்த நிலையில் எத்தனை, கையை மடக்கிப் பழைய நிலைக்கு வர எத்தனை. ஆடுகிறவர்கள் இதை ஃபிரேம் டேட்டா என்பார்கள். டெக்கனில் பெரும்பாலான பாத்திரங்களின் மிக வேகமான குத்து 10 ஃபிரேமில் வந்துவிடும். நேரமாகச் சொன்னால் 167 மில்லி நொடி. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் அசைய நம் எல்லோருக்கும் 200 முதல் 250 மில்லி நொடி தேவை. அதாவது 12 முதல் 15 ஃபிரேம். ஆகவே அந்தக் குத்தைப் பார்த்தபின் எதையும் செய்ய எவராலும் முடியாது. உலகச் சாம்பியனாலும் முடியாது. இருந்தும் நல்ல ஆட்டக்காரர்கள் அதை வெறும் காற்றில் போக வைக்கிறார்கள், திருப்பியும் அடிக்கிறார்கள்.

2000-களின் தொடக்கத்தில் தேனி, போடி, கம்பம் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் வீடியோ கேம் கடைகள் இருந்தன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. 'டெக்கன் 3' ஓயாமல் ஓடும். எடி என்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு உதைப் பொத்தான்களையும் மாற்றி மாற்றித் தட்டுகிற பையன் வரிசையாக எல்லோரையும் தோற்கடிப்பான். அவனுக்குக் கை வேகம் என்று பேசிக்கொள்வோம். ஆனால் எடியின் உதைகளில் எது தாழ வரும், எது நடுவில் வரும் என்று கவனித்து வைத்துக்கொண்ட ஒருவன் வந்து உட்கார்ந்ததும் அந்த வெற்றி நின்றுவிடும். கை வேகத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இராது. எதிர்பார்க்க வேண்டிய சாத்தியங்களைப் பின்னவன் குறைத்துக்கொண்டிருந்தான்.

இதற்கு உளவியலில் உறுதியான விதி ஒன்று இருக்கிறது. 1952-இல் வில்லியம் ஹிக் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் விளக்குகளையும் பொத்தான்களையும் வைத்துச் சோதனை செய்தார். எந்த விளக்கு எரியும் என்பதற்கு எத்தனை சாத்தியங்கள் உண்டோ, அதைப் பொறுத்து எதிர்வினை நேரம் கூடியது. சாத்தியங்கள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கூடுதலாகச் சேர்ந்தது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எட்டு சாத்தியங்களை இரண்டாகக் குறைத்தவனுக்கு நரம்பு வேகம் கொஞ்சமும் கூடவில்லை. ஆனாலும் முடிவெடுக்கும் நேரம் நன்றாகக் குறைந்துவிட்டது.

சின்னமனூருக்குப் பக்கத்தில் அய்யம்பட்டியிலும், உத்தமபாளையம் வட்டாரத்துப் பல்லவராயன்பட்டியிலும் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வாடிவாசலைத் தாண்டி வரும் காளை நேரே பறந்துவிடுமா, நின்று விளையாடுமா, எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அது திரும்பியபின் பார்த்துக்கொண்டிருந்தால் திமில் கைக்கு வராது. அனுபவப்பட்ட மாடுபிடி வீரர் காளையின் பேர் அறிவிக்கப்படும்போதே பாதிச் சாத்தியங்களைக் கழித்துவிடுவார்.

சண்டை விளையாட்டுகளின் வரலாற்றில் அதிகம் பேர் திரும்பத் திரும்பப் பார்த்த அரை நிமிடம் இதற்கு நல்ல உதாரணம். 2004 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் நடந்த 'ஈவோ' போட்டி. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' ஆட்டத்தில் ஜப்பானின் டைகோ உமேஹாரா, அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கை எதிர்கொண்டார். உமேஹாராவுக்கு உயிர்க்கோட்டில் ஒரு நூலிழைதான் மிச்சம். சாதாரணமாகத் தடுத்தாலே அது போய்விடும். ஜஸ்டின் வாங் 15 உதைகள் கொண்ட சூப்பர் அடியை விட்டார். அந்த ஆட்டத்தில் அடி விழும் கணத்தில் எதிரியை நோக்கிக் குச்சியைத் தட்டினால் சேதம் இல்லாமல் தப்பலாம். கணம் தவறினால் அடி விழும். உமேஹாரா பதினைந்தையும் அப்படியே தட்டிவிட்டு, திருப்பி அடித்து வென்றார். பதினைந்தின் தாளத்தைப் பயிற்சியால் கைக்குக் கொண்டுவந்துவிடலாம். கடினம் முதல் உதையில்தான். சூப்பர் மின்னியதைப் பார்த்தபின் அதற்கு நேரமே கிடையாது. எதிராளி இந்த நிலையில் இதைத்தான் செய்வார் என்று கணித்து, அது வரும் முன்பே குச்சியைத் தட்டியிருக்க வேண்டும். நான் அந்தக் காட்சியை எப்போது பார்த்தாலும் அந்த முதல் தட்டலுக்காகத்தான் பார்க்கிறேன்.

இன்னொரு வியப்பு, இப்போது ஆட்டமே இப்படிக் கணிக்கிறது. சிங்கப்பூர்க்காரரின் பொத்தான் செய்தி வந்து சேரும்வரை திரையை நிறுத்தி வைத்தால் ஆட்டம் தடங்கித் தடங்கி ஓடும். 2000-களின் நடுவில் டோனி கேனன் என்ற அமெரிக்க நிரலாளர் வேறு வழி கண்டார். செய்தி வரவில்லையா, போன ஃபிரேமில் எதை அழுத்திக்கொண்டிருந்தாரோ அதையேதான் இப்போதும் அழுத்துகிறார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டு. ஊகம் தப்பென்று தெரிந்தால் சில ஃபிரேம்கள் பின்னால் போய்த் திருத்தி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் திரும்ப ஓடி வா. இதற்கு ரோல்பேக் என்று பெயர். நொடிக்கு 60 முறை யாரும் பொத்தான் மாற்றுவதில்லை என்பதால் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கம்பத்துப் பெண் சிங்கப்பூர்க்காரரோடு தடங்கல் இல்லாமல் மோத முடிவது இந்த ஊகத்தால்தான்.

கணிப்பு என்றால் எதிராளியின் மனத்தைப் படிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குக் கணக்கு இருக்கிறது. கொஞ்சம் நின்று போட்டுப் பார்ப்போம். எதிராளி உங்களைச் சுவரோரம் மடக்கிவிட்டார். அவரிடம் இரண்டு வழிகள். ஒன்று, காலைத் தட்டும் தாழ்ந்த அடி. நின்றுகொண்டிருந்தால் படும், 20 புள்ளி போகும். மற்றது நடு அடி. குனிந்திருந்தால் படும், 60 புள்ளி போகும். இரண்டில் எது வரும் என்று தெரியாது. எத்தனை முறைக்கு ஒரு முறை குனிவது? நான்கில் ஒரு முறை. அப்படிச் செய்தால் அவருடைய தாழ்ந்த அடி நான்கில் மூன்று முறை படும். சராசரிச் சேதம் 15. நடு அடி நான்கில் ஒரு முறை படும். அதன் சராசரியும் 15. அவர் எதைப் போட்டாலும் அதற்கு மேல் உங்களிடமிருந்து எடுக்க முடியாது. அவர் பக்கத்துக் கணக்கைப் போட்டால் இன்னும் சுவாரசியம். பலமான நடு அடியைத்தான் அடிக்கடி போட வேண்டும் என்று தோன்றும். விடை நேர்மாறாக வருகிறது: நான்கில் மூன்று முறை அந்தச் சின்னத் தாழ்ந்த அடியையே போட வேண்டும். 60 புள்ளி போய்விடுமோ என்ற பயம்தான் உங்களைக் குனியவிடாமல் நிற்க வைக்கிறது. இப்படிப்பட்ட எல்லா ஆட்டங்களுக்கும் ஒரு சமநிலை உண்டு என்று 1928-இல் ஜான் வான் நாய்மன் கணித முறையில் நிரூபித்தார்.

ஒரே நிபந்தனை, அந்த நான்கில் ஒன்று எப்போது வரும் என்பது யாருக்கும் பிடிபடக் கூடாது. மனித மூளைக்கு வராத வேலை அதுதான். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகச் சீனாவின் ஹாங்சோ நகரிலுள்ள ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் 360 மாணவர்களைக் கல்-காகிதம்-கத்தரி ஆட வைத்தார்கள். ஜெயித்தவர்கள் காட்டியதையே திரும்பக் காட்ட முனைந்தார்கள். தோற்றவர்கள் மாற்ற முனைந்தார்கள். நம் எல்லோரிடமும் இப்படி ஒரு வழக்கம் ஒளிந்திருக்கிறது. எதிரில் இருப்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால் கணக்கின் பாதுகாப்பு போய்விடும்.

அதே ஹாங்சோவில் 2023 செப்டம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. மின்விளையாட்டுகளுக்குப் பதக்கம் கொடுத்த முதல் ஆசியப் போட்டி அது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பிரிவில் இந்தியாவுக்காக மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் ஆடினார்கள். தங்கம் வென்றவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ. வயது 44. 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆடும் 3,305 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, எதிர்வினை வேகம் 24 வயதிலிருந்தே மெல்லக் குறையத் தொடங்குகிறது என்று சொன்னது. வயதானவர்கள் வேறு உத்திகளால் அதை ஈடுகட்டுவதாகவும் அதே ஆய்வு சொன்னது. கிம் பெற்ற தங்கத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சரி, எப்படிப் பழகுவது? ஒரே கோர்வை அடியை நூறு முறை திரும்பத் திரும்பப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. 1979-இல் ஷீ, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், சிறு மரத்தடுப்புகளைக் கையால் தட்டிச் சாய்க்கும் மூன்று வரிசைகளை மாணவர்களுக்குப் பழக்கினார்கள். ஒரு குழு ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது; இன்னொன்று மூன்றையும் கலந்து பழகியது. பழகும்போது முதல் குழுதான் வேகம். 10 நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். டெக்கனின் பயிற்சி அறையில் இதற்கு நேரடியாகவே வசதி இருக்கிறது. பொம்மை எதிராளிக்கு மூன்று அடிகளைப் பதிந்துவைத்து, எது வரும் என்று தெரியாதபடி ஓடவிடலாம். சில பிடிகளிலிருந்து விடுபட, நீளும் கை இடதா வலதா, இல்லை இரண்டுமா என்று பார்த்து அதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். முழு உடம்பையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது மங்கலாகவே தெரியும். கண்ணை எதிராளியின் தோளிலும் கையிலும் நிறுத்திச் சில வாரம் கலந்து பழகினால், அதே திரையில் அந்தக் கை தனியாகத் தெரியத் தொடங்கும். நடுராத்திரி தாண்டி ஆடுவதும் வீண். விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள், மேற்கொண்டு பயிற்சி ஏதுமில்லாமல், ஓர் இரவு தூங்கி எழுந்ததுமே சுமார் 20 சதவீதம் வேகம் கூடித் தட்டினார்கள் என்று 2002-இல் மேத்யூ வாக்கர் குழு காட்டியது.

பெரிய இணைப்பு இருந்தால்தான் இதெல்லாம் வரும் என்று நம் பிள்ளைகள் நினைப்பது எனக்கு வருத்தம். பாகிஸ்தானின் லாகூரில் அர்ஸ்லான் சித்திக் என்ற இளைஞர் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டெக்கன் ஆடிப் பழகியவர். அர்ஸ்லான் ஆஷ் என்ற பெயரில் 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஈவோ ஜப்பானையும், ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் ஈவோவையும் வென்றார். ஒரே ஆண்டில் டெக்கனில் இரண்டையும் வென்ற முதல் ஆள் அவர்தான். அதுவரை கொரியாவும் ஜப்பானும் அந்த நாட்டைக் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. பிறகு அதே நாட்டைச் சேர்ந்த ஆத்திஃப் பட் டெக்கன் உலகச் சுற்றின் இறுதிப்போட்டியை வென்றார். ஒருவர் மட்டும் வளரவில்லை, ஒரு கூட்டமே வளர்ந்திருந்தது. தினமும் ஒரே பழக்கமுள்ள ஒரே ஆளோடு ஆடினால் அந்த ஒருவரைத்தான் கணிக்கத் தெரியும். நாலு விதமான ஆட்களோடு ஆடினால் நாலு விதமான வழக்கம் பிடிபடும்.

சின்னமனூரிலோ பெரியகுளத்திலோ நாலு பேர் ஒரு வீட்டில் கூடினால் கேபிளும் வேண்டாம், ரோல்பேக்கும் வேண்டாம். தனியாக ஆடுகிறவர்கள் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துக்கொண்டாலே தடங்கல் நன்றாகக் குறையும். ஆட்டம் முடிந்ததும் ரீப்ளேயைப் போட்டு, தரையில் விழுந்து எழுந்த ஒவ்வொரு முறையும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: தடுத்தேனா, உதைத்தேனா, பின்னால் குதித்தேனா. பத்து ஆட்டத்துக்கு எழுதினால் போதும். ஒரே பதில் வரிசையாக வருகிற இடத்தில்தான் எதிராளி உங்களை அடித்துக்கொண்டிருக்கிறார்.