தொழிலும் திட்டமும்



வீடு கட்டுகிறவர் வரைபடமின்றிக் கடைக்கால் தோண்டுவதில்லை. ஆனால் தம் சொத்தில் பெரும்பகுதியை முதலாக இட்டுத் தொழிலில் இறங்குகிறவர்களுள் பலர், கணக்கு முழுவதையும் மனத்திலேயே வைத்துக்கொள்கின்றனர். மனக்கணக்கில் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். ஆசை கொண்ட மனம் வரவை விரைவாகக் கூட்டும். செலவில் பாதியை மறந்துவிடும். தாளில் எழுதும்போதோ, விடுபட்ட இனம் கண்ணில் படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, நெல்லும் தென்னையும் செழிக்கும் ஊர் வத்திராயிருப்பு. அவ்வூர் இளைஞர் ஒருவர், தந்தையின் தோப்பை அடமானம் வைத்து 6 இலட்சம் ரூபாய் கடன் பெற்று, பால்கோவாத் தொழில் தொடங்க எண்ணுகிறார் என்று கொள்வோம். நாள்தோறும் 100 லிட்டர் பால், லிட்டர் 40 ரூபாய் வீதம் 4,000 ரூபாய். சர்க்கரை, விறகு, கூலி, வண்டிச் சத்தம் ஆகியவற்றுக்கு 2,200 ரூபாய். கிடைக்கும் 30 கிலோ கோவாவைக் கிலோ 260 ரூபாய்க்கு விற்றால் 7,800 ரூபாய். நாளொன்றுக்கு 1,600 ரூபாய் மிச்சம் என்று மனம் மகிழ்கிறது.

இனி எழுதிப் பார்ப்போம். கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு எனில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாய். ஆகச் செலவு 6,400 ரூபாய். நாள்தோறும் 25 கிலோ விற்றால்தான் கட்டுப்படியாகும். 24 கிலோ விற்றால் நட்டம். பத்துக் கிலோ தேங்கிக் கெட்டுப்போனால் அன்றைக்கு 1,200 ரூபாய் இழப்பு. கடன் முதலைத் திருப்பும் தவணையை நாம் இன்னும் சேர்க்கவில்லை. மேலும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைத் தம் சரக்கின்மேல் அச்சிட இவருக்கு உரிமை உண்டா என்பதையும் முன்னரே கேட்டறிய வேண்டும்.

இக்கணக்கு அவரைத் தடுப்பதற்கன்று. 25 கிலோவை வாங்கப்போகிறவர் யார் என்று தேடச் செய்வதற்கே. தாளில் இருப்பதைத் தந்தையும் படிக்கலாம், கடன் கொடுப்பவரும் சோதிக்கலாம். எவ்வளவு நட்டம் கண்டால் தொழிலை நிறுத்துவது என்பதையும் அதில் குறித்துவிட வேண்டும். நெருக்கடி வந்தபின் மனம், இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றே சொல்லும். அப்படிச் சொல்லிச் சொல்லியே தோப்புகள் கைமாறுகின்றன.

பெருந்தொழில்களுக்கும் இதுவே விதி. வ. உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, முதல் 10 இலட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000 என்று திட்டம் வகுத்தார். முகமறியாதவர்களும் தம் பணத்தை அதில் இட முடிந்தது. கம்பெனி முதலில் வாடகைக் கப்பலைக் கொண்டே இயங்கியது. ஆங்கிலேயரின் நெருக்குதலால் அக்கப்பல் நிறுத்தப்படவே, சொந்தக் கப்பல்கள் இன்றியமையாதன என்று உணர்ந்து, 1907-இல் காலியா, லாவோ ஆகிய கப்பல்களைக் கொண்டுவந்தார். போட்டிக் கம்பெனியோ கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. 1908-இல் அவர் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதை வீழ்த்தியதில் அடக்குமுறைக்குப் பெரும்பங்கு உண்டு. எனினும் தொழில் தொடங்கும் எவரும் தம் தாளில் எழுதவேண்டிய இரண்டு கேள்விகளை அவ்வரலாறு நமக்குத் தருகிறது. பிறரிடம் வாடகைக்குப் பெற்ற கருவி திடீரென நின்றால் என்ன செய்வது? எதிரி விலையைக் குறைத்தால் கையிருப்பைக் கொண்டு எத்தனை மாதம் தாங்குவது?

ஒரு செயலில் அழிவது, ஆவது, பின்னர்ப் பயப்பது ஆகிய மூன்றையும் ஆராய்ந்து இறங்க வேண்டும் என்பதை வள்ளுவரும் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். அடுத்த முறை உங்கள் கல்லூரியில் சுற்றுலாவோ விழாவோ நடத்தும்போது, பணம் திரட்டுமுன் ஒரு தாளை எடுத்து வரவு, செலவு, இடையூறு என மூன்று பத்திகள் வரைந்து நிரப்புங்கள். விழா முடிந்தபின் நடந்த கணக்கை அதனுடன் ஒப்பிடுங்கள். நாளை பெரிய முதலைக் கையாளும்போது அப்பயிற்சி உங்களுக்குத் துணைநிற்கும்.