விஷமரமும் எழுபது பெசோவும்

பத்தாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. ஆங்கிலப் பாடநூலில் ராபர்ட் ஃப்ராஸ்டின் 'டஸ்ட் ஆஃப் ஸ்நோ' என்ற எட்டு வரிக் கவிதை உண்டு. மரத்தில் இருந்த காகம் அசைய, கீழே நின்றவர்மேல் பனித்துகள் கொட்டுகிறது. கசந்திருந்த அவர் மனம் மாறுகிறது. நடப்பது அவ்வளவுதான். மையக்கருத்து கேட்டால், 'இயற்கையின் அழகைக் கவிஞர் வருணிக்கிறார், அது மனிதனுக்கு ஆறுதல் தருகிறது' என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அதில் பெரிய பிழை இல்லை. ஆனால் எந்த இயற்கைக் கவிதைக்கும் அதை எழுதலாம். இந்தக் கவிதைக்கு மட்டும் உரியதைச் சொல்வதே விடை. இங்கே குயில் இல்லை, ரோஜா இல்லை, வந்திருப்பது காகம். வீணாகாமல் தப்பியதும் முழு நாளல்ல, நாளின் ஒரு பகுதிதான். காகம் இருந்த ஹெம்லாக்கை விஷமரம் என்று சொல்லும் கைடுகளும் உண்டு. சாக்ரடீஸ் குடித்த நஞ்சு, அதே பெயருள்ள கேரட் குடும்பத்துச் செடி ஒன்றிலிருந்து வந்தது. ஃப்ராஸ்ட் வாழ்ந்த நியூ இங்கிலாந்தின் ஹெம்லாக், நஞ்சில்லாத ஊசியிலை மரம். குளிர்காலத்திலும் இலை உதிராததால்தான் அதில் அவ்வளவு பனி தங்குகிறது. அந்தப் பெயர் கிளப்பும் அச்சத்தைக் கவிஞர் அறிந்தே வைத்தார் என்று வாதிடலாம். மரமே விஷம் என்று எழுத இடமில்லை.

கதைக்கு எழுதும் விடைகளிலும் இதுவே நடக்கிறது. அதே நூலில் மெக்சிகோ எழுத்தாளர் லோபெஸ் இ ஃபுவெந்தெஸின் 'கடவுளுக்கு ஒரு கடிதம்' இருக்கிறது. 'லென்சோவின் அசையாத இறைநம்பிக்கை' என்பது மனப்பாட விடை. கதையோ அதைவிடக் குறும்பானது. மழைத்துளிகளைப் புதுக் காசுகள் என்று விவசாயி லென்சோ கொண்டாடுகிறான். அடுத்து வெள்ளிக்காசு போலவே ஆலங்கட்டி விழுந்து சோளத்தை அழிக்கிறது. கடவுளிடம் 100 பெசோ கேட்டு எழுதுகிறான். அஞ்சலக அதிகாரி தன் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டு, மற்றவர்களிடமும் திரட்டி 70 பெசோ அனுப்புகிறார். மீதியை அஞ்சலில் அனுப்ப வேண்டாம், அஞ்சலக ஊழியர்கள் திருடர்கள் என்று கடவுளுக்கே அவன் மறுபடி எழுதுகிறான். உதவியவர்களைத் திருடராக்குவது அந்த நம்பிக்கைதான். இதைத் தொடாத விடை, கதையின் முடிவைப் படிக்காதவரும் எழுதக்கூடியது.

ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கு மனப்பாடம்தானே பாதுகாப்பு என்பார்கள். மொழித் தடுமாற்றம் உண்மை. ஆனால் காகத்தையும் 70 பெசோவையும் சொல்ல எளிய ஆங்கிலமே போதும்; அலங்காரத் தொடர்கள்தான் கடினம். மேலும், மொழி கைவந்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் இலக்கியத் திறனாய்வாளர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களின் கருத்துகளைத் திரட்டினார். 1929-இல் வெளியான அவருடைய 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்', நன்கு படித்த அந்த இளைஞர்களும் எதிரே உள்ள வரிகளை விட்டுவிட்டு, மனத்தில் முன்பே தயாராக இருந்த உணர்ச்சிகளைக் கவிதைமேல் ஏற்றியதைக் காட்டியது.

அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் சரியா, எதை வைத்து மதிப்பெண் போடுவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். லென்சோ பேராசைக்காரன் என்று ஒரு மாணவி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கைடில் இல்லை என்பதற்காக அதை அடிக்க வேண்டியதில்லை. மறுபடி விதைக்கவும் அறுவடை வரை பிழைத்திருக்கவும் தேவையானதைத்தான் அவன் கேட்டான் என்று கடிதத்திலேயே இருக்கிறது. அந்த இடத்தைக் காட்டி மதிப்பெண்ணைக் குறைக்கலாம்.